பழந் தவறும் பள்ளிப் பாடமும்



ஒரு சமுதாயம் முன்னாளில் தன்னுள்ளேயே இழைத்துக்கொண்ட கொடுமைகளைத் தன் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமா, வேண்டாவா? கற்பிப்பதாயின், எந்த வயதில், எந்த முறையில், எத்தகைய சொற்களில் கற்பிப்பது? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்திற் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம். பள்ளிக்கூடத்தின் கதவு எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று நடந்த பெரும் போராட்டம் ஒன்றில் இக்கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில், இவ்வினா உலகில் எங்கே மிகுந்த ஆரவாரத்துடன் எழுந்தது என்பதைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டக் கல்லூரிகளில், 1970-களிலும் 1980-களிலும் டெரிக் பெல், கிம்பர்லி கிரென்ஷா முதலிய அறிஞர்கள் ஒரு கருத்தை வளர்த்தனர். நிறவேற்றுமை என்பது தீய மனம் படைத்த சிலரின் தனிக் குற்றம் மட்டும் அன்று. அது சட்டங்களிலும், வீட்டுக்கடன் விதிகளிலும், பள்ளி எல்லைகளிலும், நீதிமன்ற வழக்கங்களிலும் ஊறிக் கிடப்பது. ஆகவே கெட்டவர்கள் மறைந்த பின்னும் விதிகளின் விளைவு மறையாது என்பது அவர்கள் கொள்கை. விமரிசன இனக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். நெடுங்காலம் அது சட்ட மாணவர்களுக்கு அப்பால் எவருக்கும் தெரியாத பெயராகவே இருந்தது.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் உயிரிழந்தார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. பள்ளிகளில் அடிமை முறையின் வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது என்ற விவாதமும் மூண்டது. 2021 முதல் ஐடஹோ, ஒக்லஹோமா, டென்னசி, டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் வகுப்பறையில் கூறத்தகாதன இவை என்று சட்டம் இயற்றின. முன்னோர் செய்த செயலுக்காக ஒரு பிள்ளை தன் இனத்தின் பொருட்டுக் குற்ற உணர்வு கொள்ள வேண்டும் என்று கற்பிக்கலாகாது என்பது அச்சட்டங்கள் பலவற்றின் சாரம். அவற்றை ஆதரித்தோர், பள்ளி பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்றனர். எதிர்த்தோர், இச்சட்டத்திற்கு அஞ்சி ஆசிரியர் வரலாற்றையே விழுங்கிவிடுவர் என்றனர்.

இது எங்கோ தொலைவில் நடக்கும் வழக்கு என்று நாம் இருந்துவிட இயலாது. அதே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2005-ஆம் ஆண்டிலும் பின்னர் 2016-ஆம் ஆண்டிலும், பண்டைய இந்தியாவைப் பற்றிய பள்ளிப் பாடங்களில் சாதியைக் குறித்து என்ன எழுதுவது என்று நம்மவர்களே இரு அணியாக நின்று வாதிட்டனர். சாதியைப் பற்றிய பகுதிகளால் தம் பிள்ளைகள் வகுப்பிலே தலைகுனிய நேர்கிறது என்றனர் சில பெற்றோர். அப்பகுதிகளை நீக்கினால் தாங்கள் பட்ட துன்பமே இல்லாததாகிவிடும் என்றனர் தலித் அமைப்பினர். ஆகவே இது நம் வீட்டு வினா. கடல் கடந்து சென்றும் நம்மை விடாத வினா.

இனி நம் மண்ணுக்கே வருவோம். விழிஞ்ஞம் பழைய திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதியில் உள்ளது. நெய்யாற்றங்கரை முதல் குமரிமுனை வரை பரந்த அத்தென்பகுதியில், தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்பெற்ற அந்நிலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது தோள்சீலைப் போராட்டம். தாழ்த்தப்பட்ட சமுதாயப் பெண்கள் மேலாடை அணிந்து உயர்சாதியார்முன் வரலாகாது என்பது அந்நாளைய கட்டளை. கிறித்தவ சமயம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தத் தொடங்கினர். சந்தையிலும் சாலையிலும் அவர்களது ஆடை கிழிக்கப்பட்டது. 1822 முதல் 1859 வரை இக்கலகம் மூன்று முறை பெரிதாக வெடித்தது.

இதில் அரசின் ஆணைகளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1829-ஆம் ஆண்டின் அரச விளம்பரம் நாடார் பெண்கள் மேற்சீலை அணிவதைத் தடை செய்தது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை மட்டும் அணியலாம் என்பதே கிடைத்த சலுகை. 1858-ஆம் ஆண்டு இறுதியிலும் 1859-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் மீண்டும் வீடுகள் எரிந்தன, ஆலயங்களும் தப்பவில்லை. சென்னை ஆளுநராயிருந்த சார்லஸ் டிரவெலியன் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார். 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னர் புதிய விளம்பரம் வெளியிட்டார். அதன்படி நாடார் பெண்கள் எச்சமயத்தினராயினும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். முக்குவப் பெண்கள் உடுத்துவதுபோல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆயின் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது.

நேயர்களே! விழிஞ்ஞம் போன்ற கடற்கரை ஊர்களில் மீன் கூடை சுமந்த முக்குவப் பெண்களின் உடையை அரசு ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. இதுவரை ஏறலாம், இதற்குமேல் ஏறலாகாது என்று ஒரு படியைச் சுட்டியது. ஆடையை அனுமதித்த அதே ஆணை, ஏணியை அப்படியே வைத்துக்கொண்டது. மார்பை மறைக்கும் உரிமை தரப்பட்டது. சமம் என்னும் உரிமை தரப்படவில்லை. சட்டம் எவ்வாறு வேற்றுமையைக் காக்கிறது என்பதை ஒரு மாணவனுக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்த வரலாறு நம் நாட்டுப் பாடநூலில் ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய அத்தியாயத்தில், சாதிப் பூசலும் உடை மாற்றமும் என்ற பகுதி இருந்தது. 2012-ஆம் ஆண்டில் அப்பகுதிக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் அக்கொடுமையை இழைத்தோரின் வழித்தோன்றல்கள் அல்லர்; நாடார் சமுதாயத்தினரே முன்னின்று எதிர்த்தனர். தம் முன்னோரை நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்ய வந்து குடியேறியவர்கள் என அந்நூல் கூறியது உண்மைக்கு மாறானது, இழிவுபடுத்துவது என்பது அவர்களது முறையீடு. கட்சித் தலைவர்கள் பலரும் அதனை ஆதரித்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதி முழுவதையும் பாடத்திலிருந்து விலக்கி, அதிலிருந்து தேர்வில் வினா வாராது என்று சுற்றறிக்கை விடுத்தது. அதனைக் கேரளத்தில் பலர் கண்டித்தனர். 2019-ஆம் ஆண்டில் பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி அந்த அத்தியாயமே நூலிலிருந்து நீக்கப்பட்டது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அச்சமுதாயத்தினரின் முறையீடு புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு மக்களைப் பற்றி எழுதும்போது அவர்களது வரலாற்றை அவர்களிடமும் கேட்டு எழுதுவது எழுதுவோர் கடமை. தவறான வாக்கியம் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். ஆனால் நடந்தது என்ன? ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்குப் பதிலாக முழுப் பகுதியும் போயிற்று. களை பிடுங்கப் போனவர்கள் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். இழிவுபடுத்திய சொல்லோடு, அந்த இழிவை எதிர்த்துத் தெருவில் நின்ற பெண்களின் துணிவும் பக்கத்திலிருந்து மறைந்தது. இழப்பு யாருக்கு? முறையிட்டவர்களின் பேத்திகளுக்கே அன்றோ!

தவறான வாக்கியத்திற்கு மருந்து சரியான வாக்கியம்; வெற்றுத்தாள் அன்று. நாம் இன்று கூற விரும்புவதன் சாரம் இதுதான்.

இனி, முன்னர்க் கூறுவதாகச் சொன்ன போராட்டத்திற்கு வருவோம். விழிஞ்ஞத்தை அடுத்துள்ள வெங்ஙானூரில், 1863 ஆகஸ்டு 28-ஆம் நாள், புலையர் சமுதாயத்தில் பிறந்தவர் அய்யன்காளி. அவர் எழுத்தறியாதவர். எழுத்து அவருக்கு வேண்டாததாக இருக்கவில்லை. பள்ளிதான் அவரை வேண்டாமென்றது. தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்று விலக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893-ஆம் ஆண்டில் வில்வண்டி பூட்டிச் சென்றவர் அவர். 1904-ஆம் ஆண்டில் வெங்ஙானூரில் தம் மக்களுக்காக ஒரு குடிசைப் பள்ளி கட்டினார். எதிர்ப்பாளர் அதற்குத் தீயிட்டனர். அவர் மீண்டும் கட்டினார். 1907-ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார்.

எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியிற் சேர்க்கலாம் என்று அரசு இசைந்த பின்னும், ஊர்ப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. அப்போது அய்யன்காளி எடுத்த படைக்கலம் வயல் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத வரையில் எங்கள் கைகள் உங்கள் வயலுக்கு வாரா என்பது அதன் பொருள். கூலி உயர்வு மட்டும் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களை உலகம் நிறையக் கண்டதுண்டு. எழுத்தறியாத உழவர்கள் தம் பிள்ளைகளின் எழுத்துக்காக உழவை நிறுத்தியது அரிதினும் அரிது. ஏறத்தாழ ஓராண்டு வயல்கள் தரிசாய்க் கிடந்தன. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் மக்கள் எதைக் கொண்டு உயிர் தாங்குவர்?

இங்கேதான் விழிஞ்ஞம் வருகிறது. அய்யன்காளி இக்கடற்கரையின் மீனவர்களிடம் சென்றார். ஒவ்வொரு வள்ளத்திலும் வேலைநிறுத்தம் செய்தவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பது என்று உடன்பாடு ஏற்பட்டதாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். சேற்றில் நின்று பழகிய கால்கள் அலையில் ஏறின. கடல் தந்த மீனில் உழவரின் அடுப்பு எரிந்தது. முடிவில், நீதிபதி கண்டல நாகம்பிள்ளை நடுவராயிருந்து இணக்கம் செய்தார்.

ஆயினும் தொல்லை தீரவில்லை. ஊரூட்டம்பலம் என்னும் ஊரின் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். கலகம் மூண்டது. பள்ளியே தீக்கிரையாயிற்று. ஒரு சிறுமி அமர்ந்த பலகையில் தம் பிள்ளைகள் அமர்வதைவிடப் பள்ளி எரிவதே மேல் என்று சிலர் எண்ணினர். அத்தீயில் கருகியதாகச் சொல்லப்பெறும் ஒரு பலகை அப்பள்ளியில் இன்றும் பேணப்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. கேரள மாநிலப் பாடநூல்களிலும் அய்யன்காளிக்கு இடம் உண்டு. அது போற்றத்தக்கது.

இவ்வாறு நாம் கூறும்போது சிலர் மூன்று தடைகளை எழுப்பக்கூடும். அவற்றை மரியாதையுடன் எதிர்கொள்வோம்.

முதல் தடை: ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்? பிள்ளைகள் சாதியை மறந்து ஒன்றாய் விளையாடுகிறார்கள். பாடமே அவர்களுக்குச் சாதியை நினைவூட்டிவிடும் என்பர். அவ்வாறு மறந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், நன்கு படித்த ஒரு தலித் மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அந்த மாணவர்கள் சாதியை எந்தப் பாடநூலிலிருந்து கற்றார்கள்? கையில் கட்டும் வண்ணக் கயிற்றிலிருந்தும், தெருப் பேச்சிலிருந்தும், வீட்டுத் திண்ணையிலிருந்தும் கற்றார்கள். அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது ஆகியவற்றோடு, பாடத்திட்டத்தைச் சமூகநீதி நோக்கில் ஆராய்வதையும் அது பரிந்துரைத்தது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் ஒன்று தெளிவு. பள்ளி கற்பிக்காவிட்டால் பிள்ளை கல்லாதிருப்பதில்லை, தெரு கற்பித்துவிடுகிறது. தெருவின் பாடத்தில் பெருமை உண்டு, பகை உண்டு. சான்று மட்டும் இல்லை.

இரண்டாம் தடை: பிள்ளைகள் மனம் புண்படும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அறியாத ஆசிரியர் ஒருவர், வகுப்பில் ஒரு சிறுவனைச் சுட்டி, உன் முன்னோர் ஆடை கிழித்தவர் என்றோ, உன் முன்னோர் கிழிக்கப்பட்டவர் என்றோ கூறிவிட்டால் அது பாடம் அன்று, வன்மம். இரு பிள்ளைகளும் அன்று வீட்டுக்கு அழுதுகொண்டே செல்வர். ஆகவேதான் நாம் கூறுகிறோம்: குலத்தைக் கற்பிக்காதீர்கள், விதியைக் கற்பியுங்கள். 1829-இல் ஆணை என்ன சொன்னது, 1859-இல் என்ன மாறிற்று, என்ன மாறவில்லை என்று கேளுங்கள். விதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், பக்கத்துப் பலகையில் இருக்கும் தோழனை நிறுத்த வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளை நூறாண்டுக்கு முன் நடந்ததற்குக் குற்றவாளி ஆகாது. ஆனால் அந்நிகழ்ச்சியின் விளைவாக இன்று யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்று வளர்ந்தபின் கேட்கும் பொறுப்பு அதற்கு உண்டு. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அமெரிக்க வாதத்தில் இரு தரப்பினரும் பல வேளைகளில் கலந்துவிட்டது இவ்விரண்டையுமே.

மூன்றாம் தடை: இத்தகைய பாடம் ஒருதலையாக முடியும். முடியக்கூடும், முடியாதபடி பார்ப்பது நம் கையில் உள்ளது. மெய்யான வரலாறு ஒருதலையாய் இருப்பதே இல்லை. வேலைநிறுத்தத்தில் வள்ளத்தில் இடம் கொடுத்த மீனவர் யார்? அவர்களும் செல்வர் அல்லர். உயர்ந்தோர் என்று அந்நாளில் கருதப்பெற்றவரும் அல்லர். தம் பங்கு குறையும் என்று அறிந்தே கொடுத்தார்கள். இணக்கம் செய்ய முன்வந்த நீதிபதி யார்? தாழ்த்தப்பட்டவர் அல்லர். தீ வைத்தவர்கள் இருந்தனர் என்று கற்பிக்கும் பாடம், இவர்களும் இருந்தனர் என்று கற்பிக்கட்டும். எந்தக் குலத்துப் பிள்ளையும் அவ்வரலாற்றில் தான் பின்பற்றத்தக்க ஒருவரைக் காணும். பாடத்தை நீக்கிவிட்டால் கொடியவரோடு நல்லவரும் மறைவர்.

இன்னொன்றும் கூற வேண்டும். நம் அரசியலமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது. குடிமைப் பாடத்தில் அதனை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் எதை ஒழித்தோம் என்று அறியாத பிள்ளைக்கு, ஒழித்தோம் என்ற சொல்லால் என்ன பயன்? நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்விப்பது போன்றது அது. கருகிய பலகையைக் கண்ட பிள்ளைக்கு அந்த விதி ஒரு வரியாக இராது, வாழ்க்கையாக விளங்கும்.

விழிஞ்ஞத்தின் பழைய பெருமைகளை நாம் மறக்கவில்லை. ஆய் மன்னர்களின் துறைமுகம் இது; பாண்டியரும் சோழரும் போட்டியிட்ட கடற்கரை. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பெறும் சிறிய குடைவரைக் கோயில் இங்கே உள்ளது. 2025 மே 2-ஆம் நாள், மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து அணையும் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவை யாவும் பிள்ளைகள் அறியத்தக்கவையே. மன்னர் போரையும் கப்பலின் நீளத்தையும் கற்பிக்க எவரும் அஞ்சுவதில்லை. அவற்றோடு, ஒரு காலத்தில் இக்கடற்கரையின் சிறு வள்ளங்கள் பிறர் பிள்ளைகளின் படிப்புக்காகச் சுமை தாங்கின என்பதையும் அவர்கள் அறியட்டும்.

1937-ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைக் கண்டார். தம் சமுதாயத்தில் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறுவதைக் கண்டபின் கண்மூட வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று அம்முதியவர் கூறியதாக வரலாறு சொல்கிறது. 1941-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் கேட்டது பழிவாங்கல் அன்று, பாடப்புத்தகம். அப்புத்தகத்தில் அவர் கதை முழுமையாகவும் சான்றோடும், எவரையும் இழிக்காத சொல்லாலும் எழுதப்பட வேண்டும் என்று நாம் கேட்பது மிகையாகுமா?

பாடநூல் எழுதுவோரும், அதனைத் திருத்துவோரும், வகுப்பிலே நின்று அதனைப் பேசும் ஆசிரியரும், மாலையில் பிள்ளையிடம் இன்று என்ன படித்தாய் என்று கேட்கும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கூறி அமைகிறோம்.